இடம் மாறிய ஊசி

சாவிக்காரர் வீட்டு முன்கதவுக்கு மூன்று பூட்டு. மேலே இருந்த இரண்டும் கடையில் வாங்கி, அவர் ஒரு ராத்திரி முழுக்கப் பிரித்து மேய்ந்து, குறை சொல்லிக்கொண்டே திரும்ப மாட்டியவை. அந்த இரண்டுக்கும் அவர் மனைவியிடம் சாவி உண்டு. கீழே முழங்கால் உயரத்தில் இருந்த மூன்றாவது அவரே செய்தது. அதற்கு வெளிப்பக்கம் துவாரமே கிடையாது. உள்ளே இருந்தபடி இரண்டு பித்தளைச் சக்கரங்களை முன்னும் பின்னும் திருப்பி, நடுவில் இருக்கிற குமிழை அழுத்தினால்தான் திறக்கும்.

"இது எதுக்குங்க? நாம என்ன புதையலா வச்சிருக்கோம்?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"நம்மகிட்ட என்ன இருக்கு மண்ணு. ஊர்க்காரங்க பூட்டெல்லாம் இங்கதானடி கிடக்கு. இந்த வீடு திறந்தா தெருவே திறந்த மாதிரி."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. வேலையில் உட்கார்ந்துவிட்டால் பூட்டைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் தனியாக வீட்டில் வேலை செய்யும்போதெல்லாம் மூன்றாவது பூட்டையும் போட்டுக்கொள்வார். அவள் திரும்பி வந்து பக்கத்துச் சந்தில் இருக்கிற ஜன்னலைத் தட்டினால், முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து திறப்பார். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்து வந்தது.

அவரைச் சாவிக்காரர் என்றதால் அவளைச் சாவியம்மா என்றார்கள். பூட்டம்மா என்று சொல்லாத வரைக்கும் சந்தோஷம் என்பாள் அவள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. கடைவீதி முனையில் குடை விரித்துப் போடுகிற அவருடைய கடையை மழை நாளில் போட முடியாது. ஒரு நகைப்பெட்டியின் பூட்டை வீட்டுக்கே கொண்டு வந்திருந்தார். விடிந்ததும் விடியாததுமாக மேஜை விளக்கைப் போட்டு அதில் தலையைக் கவிழ்த்துவிட்டார்.

சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருஷம், ஊசிக்கு மாறி மூன்று வருஷம். பேனா மாதிரி இருக்கிற அந்த ஊசியைக் காலையும் சாயங்காலமும் போட்டு விடுவது ஆரம்பத்திலிருந்தே அவள் வேலை. திருகித் திருகி அளவை வைத்து, தோலில் நேராகக் குத்தி, அழுத்தி, பத்து எண்ணி எடுக்க வேண்டும். தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரே இடம். முதல் தடவை எங்கே போட்டாளோ அங்கேயேதான் மூன்று வருஷமும். அங்கே குத்தினால் அவருக்கு வலிக்காது. வேறு எங்கே வைத்தாலும் துள்ளுவார்.

வலிக்காததற்குக் காரணம் அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த இடம் தடித்துப்போய், கையை வைத்தால் ரப்பர் உருண்டை மாதிரி நின்றது. இன்னொரு பக்கம் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் டாக்டர் சீட்டைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இரண்டு யூனிட் கூட்டுவார். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது, வெளியே எண்பது பேர். இருபதில் ஆரம்பித்தது முப்பத்தாறில் வந்து நின்றது.

போன வாரம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சுவரில் ஒரு படம் பார்த்தாள். வயிறு, தொடை, கை என்று வரைந்து புள்ளி புள்ளியாக வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் போடாதீர்கள், போட்டால் கட்டி விழும், மருந்து வேலை செய்யாது என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் கேட்டால்தானே.

"வலிக்காத இடத்தை விட்டுட்டு வலிக்கற இடத்துல குத்துவியா? படம் போட்டவனுக்கா வலிக்கப் போகுது?"

ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தாள். அன்று காலை அவர் நகைப்பெட்டிப் பூட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தபோது, சட்டையைத் தூக்கி, வலப்பக்கம் போடுகிற மாதிரி போய், இடப்பக்கத்தில் வைத்து அழுத்திவிட்டாள். அதே முப்பத்தாறு.

"என்னடி, சுருக்குன்னு இருக்கு?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"புது முனை மாத்தியிருக்கேன். அதான்."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். இரண்டு ரொட்டி, ஒரு முட்டை, சர்க்கரை போடாத டீ எல்லாவற்றையும் எதிரில் நின்று சாப்பிட வைத்தாள். இனிமேல் சர்க்கரை இறங்கும், டாக்டர் உதட்டைப் பிதுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே தையற்கடையில் கொடுக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு, குடையோடு கிளம்பினாள். அவர் பின்னாலேயே வந்து மூன்றாவது பூட்டைப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது மணி பதினொன்று. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். சந்துக்குள் போய் ஜன்னலைத் தட்டினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. வேலையில் இருக்கிறார் என்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கம்பிக்கு முகத்தை வைத்துப் பார்த்தாள். மழைச் சாரலுக்குப் பயந்து மேஜையை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் இருந்த மனுஷன் மழையில் நனைந்தவளை விட அதிகமாக நனைந்திருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி மேஜைமேல் விழுந்தது. கையில் இருந்த அரம் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எதனால் என்றும் தெரிந்துவிட்டது.

"என்னங்க. சர்க்கரை இறங்கிடுச்சுங்க. எழுந்திரிங்க. அடுப்பங்கரையில டப்பால மிட்டாய் இருக்கு, எடுத்து வாயில போடுங்க."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்வை அவள் மேல் பட்டு, நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

கைப்பையில் எப்போதும் எலுமிச்சை மிட்டாய் வைத்திருப்பாள். கம்பி இடுக்கு இரண்டு விரல் அகலம். இதுவும் அவர் வைத்த கம்பிதான், மணிக்கட்டுக்கு மேல் கை போகாது. ஒவ்வொரு மிட்டாயாக மேஜையைப் பார்த்து எறிந்தாள். முதல் இரண்டு தரையில் விழுந்தன. மூன்றாவது அவர் முன்னால் போய் விழுந்தது.

"அதை எடுங்க. அதான். பிரிச்சு வாயில போடுங்க."

அவர் எடுத்தார். காகிதத்தைப் பிரித்தார். அவளுக்கு உயிர் வந்தது. மிட்டாயை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மேஜையோரத்து வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கி, அரத்தால் ராவ ஆரம்பித்தார். கை அந்த ஆட்டம் ஆடியும் ராவுகிற வாகு மட்டும் மாறவில்லை. மஞ்சளாகத் தூள் விரலெல்லாம் ஒட்டியது.

"விரலை நக்குங்க. ஐயோ, அந்த விரலை ஒரு தடவை நாக்குல வைங்களேன்."

அவர் பழக்கப்படி தோளில் கிடந்த துணியை எடுத்து விரலைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டார். அடுத்து விழுந்த நாலு மிட்டாயையும் பொறுக்கி, திருகாணி டப்பாவில் பெரிய திருகாணி இருக்கிற அறையில் போட்டு மூடினார்.

அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக் கண்டக்டர் இறங்கி வந்தார். பஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் யாரைப் பார்த்தாலும் "உள்ளே தள்ளி நில்லுங்க" என்று சொல்கிற மனிதர்.

"என்ன தங்கச்சி, என்ன ஆச்சு?"

"சர்க்கரை இறங்கிடுச்சுண்ணா. உள்ள மூணாவது பூட்டைப் போட்டிருக்காரு."

"உன்கிட்ட சாவி இல்லையா?"

"அதுக்குச் சாவியே கிடையாதுண்ணா."

கண்டக்டர் அவளிடம் சாவி வாங்கி மேலே இரண்டு பூட்டையும் திறந்து, தோளைக் கொடுத்து இடித்துப் பார்த்தார். உள்பக்கம் தகடு அடித்த கதவு. அவர் தோள்தான் கன்றிப்போயிற்று. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். வழியெல்லாம் தண்ணீர், அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பழைய மார்க்கெட்டில் இருக்கிற இன்னொரு சாவிக்காரனுக்குப் போட்டார். "அவர் செஞ்ச பூட்டா? வெளிய ஓட்டையே இல்லாததுல எதை விட்டுண்ணே நான் திறக்க? கதவை அறுக்கத்தான் ஆள் தேடணும்" என்று அவன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"அறுக்கற ஆளைக் கூட்டிட்டு வரேன். நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு, தூங்கிடப் போறாரு" என்று கண்டக்டர் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடினார். எழுபது வயசில் அந்த ஓட்டம் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சந்தில் அவள் மட்டும் நின்றாள். முப்பது வருஷமாக ஊரில் உள்ள கதவையெல்லாம் திறந்துவிட்ட மனிதர் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறார். அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருப்பது அவள் கையால் போட்டது. திட்டினாள், கெஞ்சினாள், வெளியூரில் இருக்கிற மகள் பெயரைச் சொன்னாள். கையில் இருந்த குடையால் கம்பியை அடித்தாள். குடை வளைந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பினார். நாக்கு குழறியது. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை.

"கடை இன்னைக்கு லீவுங்கம்மா. மழை விடட்டும், நாளைக்கு வாங்க."

"என்னங்க, நான்தாங்க. என்னைப் பாருங்க."

"யாரா இருந்தாலும் நாளைக்குத்தாங்க."

தன்னை அடையாளம் தெரியவில்லை என்பது உறைக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். மனைவி சொன்னால் கேட்கிற ஆள் என்றைக்கும் இல்லை. ஆனால் வாடிக்கைக்காரர் யாராவது ஓடி வந்து உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார் என்று சொன்னால், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்கிறவர்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலை மாற்றினாள்.

"சாவிக்காரரே, கொஞ்சம் வரணுங்க. கதவு பூட்டிக்கிச்சு. உள்ள ஆள் இருக்காரு."

அரம் நின்றது.

"உள்ள யாரு? குழந்தையா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரர். உடம்புக்கு முடியலை."

"எந்தக் கதவு?"

"உங்களுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க, அந்தக் கதவு."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் எழுந்தார். அந்த நிலையிலும் தோல் பையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவுப் பக்கம் போனவர், ஜன்னலின் பார்வையிலிருந்து மறைந்துபோனார். அவள் குடையைப் போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே பை தரையில் விழுகிற சத்தம், அவர் தொப்பென்று உட்காருகிற சத்தம்.

"சாவிக்காரரே."

"இருக்கேம்மா. பதறாதீங்க." குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. "நல்ல பூட்டு இது. எவனோ விஷயம் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்."

"அந்தச் சக்கரத்தைத் திருப்புங்க. முன்னாடி பின்னாடி திருப்பி நடுவுல அழுத்தணும்."

"கணக்குத் தெரியாம திருப்பக் கூடாதும்மா. நாலு திருகாணிதான், பூட்டுத் தகட்டையே கழட்டிடறேன்." திருப்புளி இரும்பில் வழுக்கி வழுக்கிக் கீறியது. "நீங்க உள்ள இருக்கறவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. குரல் கேட்டா தைரியமா இருப்பாங்க."

எல்லா வீட்டிலும் எல்லாரிடமும் அவர் சொல்கிறதுதான் இது.

"என்னத்தைங்க பேச?"

"என்ன வேணா பேசுங்க. உங்க வீட்டுக்காரர்தானே."

மழை அவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள்.

"என்னங்க. இன்னைக்கு ஊசியை இடம் மாத்திப் போட்டுட்டேங்க. உங்ககிட்ட சொல்லலை. சொன்னா விட மாட்டீங்கன்னு திருட்டுத்தனமா போட்டேன். புது முனைன்னு பொய் சொன்னேன். உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். இப்படி ஆகும்னு எனக்கு யாரும் சொல்லலைங்க."

உள்ளே ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது.

"பதில் சொல்றாரா?" என்றார் அவர்.

"இல்லைங்க."

"பரவாயில்லை. காது கேட்டுக்கிட்டுதான் இருக்கும். பேசுங்க."

பேசினாள். மகள் போன் பண்ணினதைச் சொன்னாள். தையற்கடைக்காரன் துணியைக் குறைத்து அளந்ததைச் சொன்னாள். தனியாக இருக்க எனக்குத் தெரியாதுங்க என்றாள். இரண்டாவது திருகாணி விழுந்தது. வெகு நேரம் கழித்து மூன்றாவது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"சாவிக்காரரே. இன்னும் ஒண்ணு இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு."

"நான் எதுக்கு வந்தேன்?" என்றது குரல். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"கதவைத் திறக்க வந்தீங்க. உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு."

"ஓ" என்றார். திருப்புளி இரண்டு தடவை கீறியது. கீழே விழுந்தது. அதன் பிறகு அவள் எவ்வளவு கத்தியும் பதில் இல்லை.

கண்டக்டர் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரோடு திரும்பி வந்தபோது அவள் கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து இடித்தார்கள். ஒற்றைத் திருகாணியில் நின்ற தகடு நாலாவது இடியில் பிய்ந்துகொண்டு போனது. கதவுக்குப் பின்னால் அவர் ஒருக்களித்துச் சரிந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. குறட்டை மாதிரி மூச்சு.

கண்டக்டர் சமையலறையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அவர் வாயைத் திறந்து பிடி தங்கச்சி, ஊத்தறேன்."

"வேண்டாண்ணா. நினைவு இல்லாதவங்க வாயில ஊத்தக் கூடாது. மூச்சுக்குழாய்க்குப் போயிடும்னு நர்ஸ் சொல்லியிருக்கு."

"சும்மா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"ஆமாண்ணா."

அப்படிச் சொல்ல அவளால் எப்படி முடிந்ததோ. சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் இருந்தது. அவர் வாய் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு, அவரை ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்தப் பதினைந்து நிமிஷம் அவள் ஆயுசிலேயே நீளமானது.

ஆம்புலன்ஸில் வந்த பெண் விரலில் குத்திப் பார்த்து, "சர்க்கரை முப்பத்தொண்ணுதான் இருக்கு" என்றாள். கையில் நரம்பைத் தேடிக் குளுக்கோஸை ஏற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் நிறம் வந்தது. கண் விழித்தவர் முதலில் கதவைத்தான் பார்த்தார்.

"யாருடி தகட்டைப் பேத்தது?"

கண்டக்டர் சிரித்தார், பட்டறைக்காரரும் சிரித்தார். அவளுக்கு மட்டும் அழுகையாக வந்தது.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காலையில் வந்த டாக்டர் இந்தத் தடவை சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தடித்த இடத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஊசியை இங்க இருந்து மாத்தினது யாரு?" என்று கேட்டார்.

அவர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"நான்தாங்க டாக்டர். நேத்துக் காலையில. இவருக்குத் தெரியாது."

"மாத்தினது சரிதாம்மா. ரொம்ப நாளைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும். ஆனா இந்தக் கட்டிக்குள்ள போடற மருந்துல பாதிதான் உடம்புக்குப் போயிட்டிருந்துது. நல்ல இடத்துல அதே முப்பத்தாறைப் போட்டா முழுசும் இறங்கும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்போம்." எழுதிக்கொண்டே போனார். "எல்லாம் சரியா செஞ்சாலும் ஒரு நாள் இறங்கலாம். நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலை."

தப்பு என்று சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கண்டக்டர் கதவுக்குக் கயிறு கட்டிவைத்திருந்தார். சாவிக்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் அவள் சூப்பும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். பேனாவை எடுத்துப் புது முனையை மாட்டினாள். சீட்டில் எழுதியிருந்தபடி பத்து யூனிட் திருகி வைத்தாள். முப்பத்தாறைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டவளுக்கு இந்தப் பத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"இங்க குடு."

"நான் போடறேங்க."

"வேண்டாம். இனிமே நானே போட்டுக்கறேன்."

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோபமா இருக்கீங்களா?"

"கோபமெல்லாம் இல்லடி."

"பின்ன? இனிமே உங்களைக் கேட்காம ஒண்ணும் செய்ய மாட்டேங்க. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன இடம். சத்தியமா."

"அது தெரியும் எனக்கு." அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ எல்லாம் சரியாத்தான் செய்வ. சரியா செஞ்சும் ஒரு நாள் இறங்கும். டாக்டரே அப்படித்தான் சொன்னாரு, கேட்டல்ல? அன்னைக்கு நான் போய்ச் சேர்ந்துட்டேன்னா, மிச்ச காலம் முழுக்க உன் கையைப் பார்த்துப் பார்த்தே நீ சாவ. அது வேண்டாம். குடு."

அவள் கொடுத்தாள்.

அவர் சட்டையைத் தூக்கி, டாக்டர் மையால் குறித்திருந்த இடத்துக்கு முனையைக் கொண்டு போனார். மயிரிழை மாதிரி ஊசி. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அதை அவர் நேராகப் பார்த்ததில்லை. தோலுக்கு ஒரு நகக்கண் தூரத்தில் கை நின்றுபோயிற்று. எடுத்தார், திரும்பக் கொண்டு போனார், திரும்ப நின்றது. மேலுதட்டில் வியர்த்தது. இது சர்க்கரை இறங்குகிற வியர்வையா, பயத்தில் வருகிற வியர்வையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கை தானாக நீண்டது. மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒன்றை இன்னொன்றால் பிடித்துக்கொண்டாள். சூப்பின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை அழுத்தினார்.

"போயிடுச்சாடி?"

"இல்லைங்க," என்றாள் அவள். "இன்னும் தொடவே இல்லை."